பஜேரோவின் பிறந்தகம்

திருவள்ளூர் என்றால் வீரராகவப் பெருமாள். பஜேரோ காருக்கும் அதுதான் பிறந்தகம்! 1998-ல் லான்ஸர் காரோடு கணக்கைத் தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் பிற்பாடு பஜேரோவும் உருவாயிற்று.

தரிசனம் முடித்து, எங்கள் கிழட்டு பஜேரோவில் கும்மிடிப்பூண்டிக்குப் போனோம். இரும்பு லாரிகள் உழுது போட்ட சாலை. பின் ஸீட்டில் மாமியார், "ஐயோ, இடுப்பு!" என்றார்.

சிப்காட் அருகே பட்டறைக்காரர் வண்டியின் பின்மூலையை அமுக்கிவிட்டார். ஊஞ்சலாடிற்று. "பாரம் சுமப்பது ஸ்பிரிங்; ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்ஸார்பர். எண்ணெய் கசிந்திருக்கிறதே!"

"நல்ல விறைப்பாகப் போடுங்கள்" என்றார் என்னவர்.

"அது மூட்டை ஏற்றுகிறவர்களுக்கு ஸார். நீங்கள் பெரியம்மாவை அல்லவா ஏற்றுகிறீர்கள்?"

கம்பெனி அளவிலேயே, இரண்டையும் ஜோடியாக மாற்றினோம். (ஒன்றை மட்டும் மாற்றுவது வீண் சிக்கனம்.) திரும்பும்போது மாமியார் தூங்கிவிட்டார்.