பினாங்கு உப்பைத் தின்ற ஆயர்

அன்புள்ள மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. சியோல் மியோங்டோங் பேராலயத்தில் பூசை முடிந்ததும் பக்கத்திலிருந்த பாட்டி, ‘இந்தியப் பிள்ளைக்கு இங்கே என்ன வேலை’ என்பதுபோலப் பார்த்தார், உனக்கே அந்தச் சந்தேகம் வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். வருத்தமாக இருந்தது. கொஞ்சம் கோபமும்தான். அந்தக் கோயில் நிலவறையில் யார் இருக்கிறார் என்று பாராமலே திரும்பியிருக்கிறாயே!

லோரான் இம்பேர். கொரியாவின் ஆயர், 1839 செப்டம்பர் 21-இல் ஹான் ஆற்றங்கரை மணலில் தலை வெட்டப்பட்ட வேதசாட்சி. 1821-இல் அவர் எங்கே இருந்தார் தெரியுமா? இங்கே பினாங்கில், நம் புலாவ் திக்குஸ் குருமடத்தில், இருபத்தைந்து வயது வாத்தியாராக. சின்ன வயதில் ஜெபமாலை கட்டி விற்றுப் படித்த ஏழை வீட்டுப் பிள்ளை. அவரோடு மடிந்த சஸ்தான் சாமியாரும் இங்கே பாடம் சொன்னவர்தான். பள்ளிக்கூட பஸ்ஸில் தினமும் அந்த வழியாகப் போனவள் நீ. ஒருநாளாவது கேட்டாயா?

அந்தக் குருமடமும் நாடோடிதான். சயாமில் தொடங்கி, அங்கிருக்க முடியாமல், 1770-களில் புதுச்சேரிக்குப் பக்கத்து வீராம்பட்டினத்தில் ஒண்டியிருந்து, 1808-இல் பினாங்கு வந்தது. நாகப்பட்டினத்தில் நம் கொள்ளுத்தாத்தா கப்பலேறுவதற்கு எத்தனையோ காலம் முன்பே நம் கடற்காற்றைக் குடித்துவிட்டு வந்த மடம் அது.

வெளிநாட்டார் நுழைந்தாலே சாவு என்றிருந்த கொரியாவில், துக்கம் காப்பவர் அணியும் பெரிய தொப்பிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு நடந்தார்கள் இந்தச் சாமியார்கள். துக்கக்காரரை யாரும் நிறுத்திப் பேசமாட்டார்களாம். கடைசியில் ஒருவன் காட்டிக்கொடுக்க, ஆயர் தானாகவே போய்ச் சரணடைந்தார். அதோடு விட்டாரா? ஒளிந்திருந்த சஸ்தானுக்கும் இன்னொரு சாமியாருக்கும், ‘நீங்களும் வந்துவிடுங்கள்’ என்று கடிதம் அனுப்பினார். மூவரும் அகப்பட்டால் சனங்களை விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கை. அவர்களும் வந்தார்கள். வேட்டை நிற்கவில்லை.

மேய்ப்பன் செய்யவேண்டியதைத்தான் செய்தார் என்பார் உன் தாத்தா. எனக்கு அது இறங்காது. தன் தலையைக் கொடுக்கலாம். அடுத்தவன் தலையைக் கேட்கலாமா? இதை வைத்து எனக்கும் அப்பாவுக்கும் எத்தனை ராத்திரி சண்டை! உன் பெரியம்மா விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுவாள். இப்போது எழுபத்திரண்டு வயதில் எனக்கு, அந்தக் கடிதத்தை எழுதும்போது அந்த மனுஷனுக்குக் கை நடுங்கியிருக்கும் என்று தோன்றுகிறது. அவ்வளவுதான்; சரி என்று இன்னும் சொல்லமாட்டேன்.

1984 மே மாதம் போப் இரண்டாம் ஜான் பால் சியோலுக்கே வந்து 103 பேரைப் புனிதராக்கினார். அதில் இவர்களும் உண்டு.

அடுத்த ஞாயிறு நிலவறைக்குப் போய் ஒரு மெழுகுதிரி ஏற்று. அந்தப் பாட்டி மறுபடியும் பார்த்தால், உங்கள் ஆயர் எங்கள் ஊர் உப்பைத் தின்றவர் என்று சொல். கொரிய மொழியில் அதை எப்படிச் சொல்வது என்பது உன் பாடு.

உன் அப்பாயி தந்த ஜெபமாலை அறுந்துவிட்டது என்றாயே, மணிகளைத் தொலைத்துவிடாதே. டிசம்பரில் கொண்டுவா, கோத்துத் தருகிறேன்.

பெரியப்பா