கை மாறும் பவளம்

வீட்டில் பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி வைத்தால் கைக்காசு கரையும் என்பது பொய்யில்லை. நான் இருக்கும் ஃப்ரீமான்ட்டிலும் அதைச் சுற்றியுள்ள சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடா ஊர்களிலும், கட்டைவிரல் நகம் அளவு பவளத் துண்டு கடையில் 40 டாலர், 60 டாலர் என்று விற்கிறது. பேர் வைத்து விற்கும் வகை என்றால் சில நூறு. மேலே தொங்கவிட எல்.இ.டி. விளக்கு, நீரோட்டத்துக்குப் பம்ப், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்க ஸ்கிம்மர், ஆர்.ஓ. வடிகட்டி, வாளி வாளியாக உப்பு, இதற்கெல்லாம் மேலே மாதாமாதம் மின் கட்டணம். தனியாளாகக் கடை கடையாக ஏறி இறங்கியவர்கள் சலித்துப்போய்த் தொட்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். நிலைத்து நிற்பவர்கள் பெரும்பாலும் சங்கத்துக்காரர்கள்.

எங்கள் வட்டாரத்துச் சங்கத்தின் பெயர் பே ஏரியா ரீஃபர்ஸ். அதில் எனக்கு மிகவும் பிடித்தது 'டோன்ட் பிரேக் த செயின்' என்ற ஏற்பாடு. தன் தொட்டியில் நன்றாக வளர்ந்த பவளத்திலிருந்து ஒரு துண்டை ஒரு உறுப்பினர் இன்னொருவருக்குச் சும்மா கொடுப்பார். வாங்கியவர் அதை வளர்க்க வேண்டும். வெட்டும் அளவுக்கு வளர்ந்ததும் அடுத்தவருக்கு அவரும் சும்மா கொடுக்க வேண்டும். சங்கிலியை நடுவில் அறுக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை.

இது சாத்தியமாவதற்குக் காரணம் பவளத்தின் உடம்பு. நாம் ஒரு பவளம் என்று சொல்வது பாலிப் என்னும் எத்தனையோ சிற்றுயிர்கள் ஒட்டி வாழும் கூட்டம். கடினப் பவளங்களில் ஒவ்வொரு பாலிப்பும் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத் தனக்கென்று ஒரு சுண்ணாம்புக் கிண்ணம் கட்டிக்கொள்கிறது. கிளையை ஒடித்தால் ஒடிந்ததும் பிழைக்கும், தாயும் பிழைக்கும். முருங்கைக் கொம்பை ஒடித்து நட்டு வளர்த்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

வெட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். ஒருவர் வீட்டு கராஜில், மடக்கு மேஜைமேல் பழைய துவாலை விரித்திருக்கும். தொட்டித் தண்ணீர் நிரப்பிய சின்ன டப்பாவில் உள்ளங்கை அகல மான்டிபோரா வகைப் பவளம், தட்டுப்போல விரிந்தது, ஓரத்தில் மட்டும் வெளிறிய வளையம். அந்த ஓரம்தான் வளரும் இடம். எலும்பு வெட்டும் கத்தரியை அதில் வைத்து அழுத்தினால் 'டக்'கென்று ஒரு சத்தம். உடனே வெட்டுவாயிலிருந்து கொழகொழவென்று சளி வடியும். துண்டின் அடிப்பாகத்தை டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுத்து, கூழ்ப் பதத்தில் இருக்கும் சூப்பர் குளூவைத் தடவி, பீங்கான் குமிழின் மேல் அழுத்திப் பிடித்துத் தண்ணீருக்குள் இறக்குவார்கள். தண்ணீர் பட்டதும் பசை தோல் கட்டிக்கொள்ளும். சில வாரங்களில் பவளம் அந்தப் பசைமேலேயே படர்ந்து மூடிவிடும். பிறகு அது பீங்கானில் பிடித்துக்கொண்ட பவளம், பிய்த்தால்தான் வரும்.

இலவசம் என்பதால் மட்டும் இதை நான் மெச்சவில்லை. கொடுத்த துண்டு கொடுத்தவருக்கே காவலாக இருக்கிறது. 2019 அக்டோபரில் காட்டுத்தீ பயத்தால் வடக்குக் கலிஃபோர்னியாவில் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். மின்சாரம் போனால் தொட்டியில் முதலில் நிற்பது நீரோட்டம். அதோடு ஆக்ஸிஜன் குறையும், மீன்கள் முதலில் சாகும், அவை அழுகும்போது வரும் அமோனியா பவளங்களையும் கொல்லும். மலையடிவாரத்தில் இருந்த ஒரு உறுப்பினரின் தொட்டி அப்படித்தான் அழிந்தது. அவர் வருடக்கணக்காக விநியோகித்திருந்த பவளங்கள் ஊரெங்கும் பல வீடுகளில் உயிரோடு இருந்தன. தொட்டியைக் கழுவிப் புதிதாக ஓட்டத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக அவரிடமே திரும்பி வந்தன. எந்தக் காப்பீட்டு நிறுவனமும் இதைத் தராது.

அடுத்தது கருவிகள். பவளத்தின் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தில் அவை சமைப்பதுதான் பவளத்தின் சாப்பாட்டில் பெரும் பங்கு. ஆகவே விளக்கு எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்று அளந்தாக வேண்டும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, நீல வெளிச்சம் கண்ணை ஏமாற்றும். அளக்கும் பார் மீட்டரின் விலை சில நூறு டாலர். ஒருவருக்கு அது வருடத்தில் ஓரிரு முறைதான் தேவைப்படும். சங்கம் அதை வாங்கி வைத்துக்கொண்டு உறுப்பினர்களுக்கு இரவல் கொடுக்கிறது.

எங்கள் கூட்டத்தில் தூத்துக்குடித் தம்பி ஒருவர் உண்டு. புதிதாகச் சேர்ந்த ஒருவர் பவளம் நிறம் மங்குகிறது என்று இன்னொரு விளக்கு வாங்கப் புறப்பட்டபோது, "அண்ணே, அவசரப்படாதீய. மீட்டர வச்சுப் பாத்துட்டு வாங்கலாம்" என்று தடுத்தார். அளந்து பார்த்தால் மேல்தட்டில் மீட்டர் காட்டியது 450. அவர் வைத்திருந்த மென்பவளங்களுக்கு 100 வாக்கில் இருந்தாலே தாராளம். மங்கியதற்குக் காரணம் வெளிச்சம் கூடிப்போனது. விளக்கைத் தணித்தார்கள், துண்டுகளைக் கீழே இறக்கினார்கள், பிரச்சினை தீர்ந்தது. அன்று மிச்சமானது ஒரு விளக்கின் விலை. சங்கத்தால் மிஞ்சும் பணத்தில் பெரும்பகுதி இப்படி வாங்காமல் விட்ட பொருள்களில்தான் இருக்கிறது என்பேன். கடைக்காரரிடம் யோசனை கேட்டால் அவர் ஒரு பாட்டிலை எடுத்து நீட்டுவார். அது அவர் பிழைப்பு, குறை சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டுத் தொட்டிக்காரருக்கு நம்மிடம் விற்க ஒன்றுமில்லை.

அந்தத் தம்பி ஊரில் இருந்தவரை பவளத்தைத் தொட்டியில் பார்த்ததில்லை. அங்கே பவளத்தின் கதை வேறு. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிப் பக்கம் பல காலம் பவளப்பாறையை உடைத்து எடுத்துச் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பயன்படுத்தினார்கள். அங்குள்ள 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் போனதற்கு அதுவும் ஒரு காரணம். 2001-இல் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலிக்கு உள்ள பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. எனவே இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஊரில் யாரும் பவளம் தேடக் கூடாது. வெட்டி வளர்ப்பதெல்லாம் சட்டம் அனுமதிக்கும் இடத்துப் பேச்சு.

அமெரிக்காவிலும் பவளம் எங்கிருந்தோதான் வந்தது. கடினப் பவளங்களின் பன்னாட்டு வணிகம் முழுக்க, அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஃபிஜி ஏற்றுமதியைத் தடை செய்தது. 2018-இல் இந்தோனேசியாவும் நிறுத்தியது, பிறகு வளர்ப்புப் பவளங்களுக்கு மட்டும் வழிவிட்டது. அந்த நாள்களில் கடைகளில் விலை ஏறியது. கராஜ் தொட்டிகளில் பல கை மாறி வளர்ந்த துண்டுகளுக்கோ எந்தத் துறைமுகமும் திறக்க வேண்டியிருக்கவில்லை. கடலிலிருந்து இன்னொரு கிளை ஒடிபடவும் இல்லை. எனக்குப் பணத்தைவிட இதுவே பெரிது.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். சும்மா வரும் துண்டோடு பூச்சியும் சும்மா வரும். ஆக்ரோபோரா என்ற பவள வகையைத் தின்னும் தட்டைப்புழு பவளத்தின் நிறத்திலேயே இருக்கும். மருந்துத் தண்ணீரில் முக்கி அலசினால் பெரிய புழுக்கள் உதிரும், முட்டைகள் உதிராது. அதனால் முட்டை இருக்கக்கூடிய பீங்கான் குமிழைத் தூக்கி எறிந்துவிட்டுத் துண்டைப் புதிதாக ஒட்டி, தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே பெரிய தொட்டியில் விட வேண்டும். கொடுப்பவர் எவ்வளவு நெருக்கமானாலும் இதை விடக் கூடாது. நல்ல உறுப்பினர் இதற்காக மனம் வருந்த மாட்டார், அவரும் அதையே செய்கிறவர்.

சங்கத்தின் அருமை ஒருவர் ஊரை விட்டுப் போகும்போதுதான் முழுதாகத் தெரியும். வேலை மாற்றம், விசா சிக்கல், வீட்டு வாடகை என்று இந்தப் பகுதியில் அது அடிக்கடி நடக்கிறது. தொட்டியைத் தனியாகக் கலைப்பது கொடுமையான வேலை. செய்தி போனால் உறுப்பினர்கள் வாளி, சைஃபன் குழாய், பேட்டரியில் ஓடும் காற்று பம்ப்போடு வந்துவிடுவார்கள். முதலில் பவளம், பிறகு பாறை, தண்ணீர் பாதியாக வடிந்ததும் கடைசியில் மீன். கோமாளி மீன் ஜோடியைப் பிரிக்காமல் ஒரே வீட்டுக்கு அனுப்புவார்கள். ஸ்கிம்மரும் விளக்கும் புதிதாகத் தொடங்குகிறவருக்குப் பாதி விலையில் போகும். காலித் தொட்டியை யார் எடுத்தாலும், வீட்டுக்குள் ஏற்றுமுன் வாசலில் வைத்துத் தண்ணீர் நிரப்பி ஒரு வாரம் விட்டுப் பார்க்கச் சொல்வோம். பழைய சிலிகோன் பசை ஓரங்களில்தான் விடும்.