விஸ்டிலும் அப்பாவின் துண்டுச் சீட்டும்

போன வாரம் சின்னமனூரில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். தம்பி மகள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். "பெரியப்பா, நீங்க அந்தக் காலத்துல என்ன எழுதுவீங்க?" என்று கேட்டாள். "விஸ்டில்" என்றேன். சிரித்துவிட்டாள். கேள்விப்பட்டதே இல்லையாம்.

டபிள்யூ.எஸ்.டி.எல். என்பதைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டரிடம் என்னென்ன கேட்கலாம், எந்த வடிவத்தில் கேட்க வேண்டும், என்ன பதில் வரும், எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்பதையெல்லாம் எக்ஸ்.எம்.எல்.லில் எழுதி வைக்கும் ஒப்பந்தப் பத்திரம் அது. ஐ.பி.எம்., மைக்ரோசாப்ட் நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் எழுதிய 1.1 பதிப்பு 2001 மார்ச்சில் வந்தது. பல வருஷம் அதுதான் எங்களுக்குச் சோறு போட்டது.

பத்திரத்தில் ஐந்து முக்கியப் பகுதிகள். டைப்ஸ் என்பதில் எது எண், எது எழுத்து, எது தேதி என்ற விவரம். மெசேஜில் போகும் வரும் செய்திகள். போர்ட் டைப்பில் செய்யக்கூடிய வேலைகள். பைண்டிங்கில் செய்தியை அனுப்பும் முறை. சர்வீஸில் முகவரி. இந்த ஃபைலைக் கொடுத்தால், கூப்பிடுவதற்கான புரோகிராமை ஒரு கருவியே எழுதித் தந்துவிடும். நாங்கள் ஜாவா, எதிர்த்தரப்பு டாட்நெட். அப்படியிருந்தும் பேசிக்கொள்ள முடிந்தது. பெரிய அதிசயமாக இருந்தது.

2005இல் ஒரு பென்ஷன் பட்டுவாடாவுக்காக நான் அப்படி ஒரு பத்திரம் எழுதினேன். தொகை என்ற இடத்தில் 'இன்டிஜர்', அதாவது முழு எண், என்று போட்டேன். பென்ஷன் முழு ரூபாயில்தானே வரும்! எதிர்த்தரப்பிலோ எல்லாத் தொகையையும் பைசாவில் வைப்பது வழக்கம். சோதனையில் 'சரி' என்று பதில் வந்தது. அதோடு விட்டுவிட்டோம். ஒன்றாம் தேதி 4,250 ரூபாய் வர வேண்டியவர்களுக்கு 42 ரூபாய் 50 காசு வரவு விழுந்தது.

என்னைக் கிளைக்கு அனுப்பினார்கள். ஒரு பாட்டி பாஸ்புக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நான் எதுவும் தப்புப் பண்ணிட்டேனா தம்பி?" என்று கேட்டார். மறுநாள் சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் சரிசெய்துவிட்டோம். அந்தக் கேள்விதான் இன்னும் போகவில்லை.

அன்று ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டேன். போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். மலை மேல் தோட்டத்திலிருந்து துண்டுச் சீட்டு வரும்; அதைப் பார்த்துச் சாமான் கட்டி, போடிமெட்டு வழியாக ஜீப்பில் ஏற்றி அனுப்புவார். முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"ஏண்டா, படியா மூட்டையான்னு சீட்டுல எழுதலையா?"

எழுதவில்லை. எழுத இடம் இல்லாமலும் இல்லை. விஸ்டிலில் 'டாக்குமென்டேஷன்' என்று ஒரு பகுதி உண்டு. மனுஷன் மனுஷனுக்கு எழுதும் குறிப்பு அது. மெஷின் அதைச் சட்டை செய்யாது. காலியாக விட்டாலும் ஃபைல் செல்லும். அதனால்தான் நானும் காலியாக விட்டிருந்தேன். எண்ணா எழுத்தா என்று மெஷின் சரிபார்த்துவிடும். அந்த எண் ரூபாயா பைசாவா என்பது அதற்குத் தெரியாது. அதன் பிறகு ஓய்வு பெறும்வரை, எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று நினைத்த இடத்திலும் ஒரு வரி எழுதாமல் விட்டதில்லை.

தம்பி மகளிடம் இதைச் சொன்னேன். "இப்ப எல்லாம் ஓப்பன் ஏ.பி.ஐ. பெரியப்பா" என்று தன் ஃபைலைத் திறந்து காட்டினாள். எக்ஸ்.எம்.எல். இல்லை, பார்க்கவே சுத்தமாக இருந்தது. அதிலும் 'டிஸ்கிரிப்ஷன்' என்று ஓர் இடம். 'எடை' என்பதற்கு நேரே அது காலி.

"கிலோவா, கிராமாடா?" என்று கேட்டேன்.

ஒரு நிமிஷம் யோசித்தாள். "கேட்டுத்தான் சொல்லணும்" என்று போனை எடுத்தாள்.