மூன்று பேருக்கு எதிராக ஒருவன்



போன கிழமை ஒரு வாப்பா வகுப்பு வாசலுக்கே வந்து கேட்டார்: "சேர், பள்ளிக்கூடத்துல சீட்டு விளையாட விடுறீங்களாமே?" கேட்டதில் பிழையில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு கதை ஜம்பட்டா வீதியிலிருந்து ஆமர் வீதிக்குப் போக இன்டர்வெல் நேரம் போதும். போகும்போது இன்னும் இரண்டு கதையைச் சேர்த்துக்கொண்டுதான் போகும். அதனால் வகுப்பாசிரியரும் கணித சேருமாகிய நாங்கள் இரண்டு பேரும் நடந்ததை எழுதிவிடுகிறோம்.

தரம் 9 பிள்ளைகள் விளையாடுவது மெஜிக் த கெதரிங். 1993இல் அமெரிக்காவில் வந்தது, உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட் ஒரு கணிதக்காரர். அவரவர் காட்டுகளைத் தெரிந்தெடுத்து அவரவரே டெக் கட்ட வேண்டும். இவர்கள் ஆடுவது கொமாண்டர் என்ற நாலு பேர் வகை: ஆளுக்கு 100 காட், ஆளுக்கு 40 உயிர், அடிப்படை நிலக் காட்டைத் தவிர எந்தக் காட்டும் இரண்டு தரம் வரக்கூடாது. உண்மையான காட் சிலதுதான். மிச்சமெல்லாம் கொமியூனிகேஷன் கடையில் கலர் பிரிண்ட் எடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டது.

எங்கள் பெரியவர்கள் ஆடிய 304உம் நாலு பேர் ஆட்டம்தான். ஆனால் அதில் எதிரே இருப்பவர் கடைசி வரை நம்ம ஆள். இதில் அப்படி யாரும் இல்லை. இந்தச் சுற்றில் துணை நின்றவன் அடுத்த சுற்றில் அடிப்பான்.

வகுப்பில் ஒரு வேகமான பொடியன். சிவப்பு டெக், எடுத்த எடுப்பில் அடி. இரண்டு பேர் ஆட்டத்தில் அவனை யாரும் வென்றதில்லை, ஏனென்றால் அங்கே 20 உயிரை முடித்தால் போதும். அதே புத்தியோடு நாலு பேர் மேசைக்கு வந்தான், தினமும் தோற்றான். கணக்கு லேசு. மூன்று பேர், ஆளுக்கு 40. மொத்தம் 120. முதலாமவனை அடித்து முடிக்கும்போது இவன் கை காலி, மற்ற இரண்டு பேரும் நிறைந்த கையோடு காத்திருப்பார்கள். அதோடு நிலக் காட் 28தான் வைத்திருந்தான். முதல் ஏழு காட்டில் சராசரியாக இரண்டுகூட வராது. 37 வைத்தால் 2.6 வரும். கணித சேர் இதையே நிகழ்தகவுப் பாடத்துக்கு எடுத்துவிட்டார்!

இன்னொருவன் இரண்டு மூன்று காட்டைச் சேர்த்து மூவரையும் ஒரே சுற்றில் முடிக்கும் டெக் கட்டினான். அது எல்லாருக்கும் தெரியும் என்பதால் முதல் அடி அவனுக்கே.

நாலாமவன் அமைதியான பிள்ளை. வகுப்பில் அவன் குரலை நாங்களே அதிகம் கேட்டதில்லை. அவனுடையது பச்சை வெள்ளை டெக். தன் முறை வந்தால் எல்லாருக்கும் ஒரு காட் கூடுதலாக எடுக்கக் கொடுப்பான், நிலம் கொடுப்பான். பொடியன்கள் அதற்கு சஹன் டெக் என்று பேர் வைத்திருந்தார்கள். சோறு போடுகிறவனை யார் அடிப்பார்? மூன்று பேரும் ஒருவரையொருவர் தேய்த்து முடிக்கும் வரை இருந்துவிட்டு, கடைசியில் பெரிய மிருகம் ஒன்றை இறக்குவான். அந்த மேசையில் அதிகம் வென்றவன் அவன்தான்.

பிரச்சினை இனித்தான். வென்றவன் தோற்றவனிடம் ஒரு காட் எடுக்கலாம் என்று எங்களுக்குத் தெரியாமல் பந்தயம் வைத்திருக்கிறார்கள். வேகமான பொடியன் ஒரு நாள் வென்று, அமைதியான பிள்ளையின் உண்மையான காட் ஒன்றை எடுத்துக்கொண்டான். கத்தாரில் இருக்கும் நானா அனுப்பியது. பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் பாடசாலைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

விசாரித்துத் தெரிந்ததும் எல்லா டெக்கையும் வாங்கி ஸ்டாஃப் ரூம் அலுமாரியில் பூட்டினோம். "சேர், அது கேமின்ட சட்டத்துலயே இருக்கு" என்றான் பொடியன். தேடிப் பார்த்தோம், பொய்யில்லை. 1993இன் முதல் விதிகளில் ஆளுக்கொரு காட் பந்தயம், வென்றவனுக்கு இரண்டும். பிறகு அதைக் கைவிட்டுவிட்டார்கள், அந்தப் பந்தயக் காட்டுகளுக்குப் போட்டிகளில் தடை. பந்தயம் வைத்தால் அது சூது, இதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுத்து பெக்கட் வாங்குவது என்ன கணக்கில் வரும் என்பதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் பாடசாலைக்குள் இரண்டையும் நிறுத்தினோம். சைத்தான் படம் போட்ட காட்டுகளையும் எடுக்கச் சொன்னோம்.

காட் திரும்பிப் போனது. வியாழக்கிழமை பாடசாலை விட்டபின் ஒரு மணித்தியாலம், எங்கள் கண் முன்னால் மட்டும் ஆட்டம் என்று முடிவாயிற்று.

முதல் வியாழன் நாங்களும் ஒரு நீல டெக்கோடு உட்கார்ந்தோம், இரண்டு பேருக்கும் ஒரே டெக். யார் எதைப் போட்டாலும் தடுப்பது எங்கள் திட்டம். ஆசிரியர் புத்தி! ஒருவனைத் தடுக்க எங்களுக்கு ஒரு காட் செலவு, அவனுக்கும் ஒரு காட் நட்டம், மற்ற இரண்டு பேருக்கும் செலவே இல்லை. ஆறாம் சுற்றில் எங்கள் கை வெறுமை.

அமைதியான பிள்ளை அன்று வந்திருந்தான். டெக்கை மாற்றியிருந்தான். யாருக்கும் ஒரு காட்டும் கொடுக்கவில்லை. வேகமான பொடியன் இரண்டு தரம் அவன் முகத்தைப் பார்த்தான், பிறகு மெதுவாகக் கேட்டான்: "சஹன் இல்லையாடா?" அவன் பதில் சொல்லவில்லை.

இந்த வியாழனும் மேசை போடுகிறோம். அந்த வாப்பாவும் வருவதாகச் சொன்னார், கதிரை ஒன்று வைத்திருக்கிறோம். வேறு பெற்றோரும் வரலாம்.