சாவு வீட்டுச் சிரிப்பு



சாவில் சிரிப்பது நமக்குப் புதிதல்ல. பேரன் பேத்தி எடுத்த கிழவர் போனால் கல்யாணச் சாவு என்கிறோம், வெடி போடுகிறோம். பந்தலில் உட்கார்ந்து அவருடைய குசும்பையெல்லாம் சொல்லிச் சிரிக்கிறோம். சொல்கிறவர் சற்று நேரத்தில் பாடைக்குத் தோள் கொடுக்கப் போகிறவர். அதனால் யாருக்கும் அது வலிப்பதில்லை.

நடிகர் மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று ‘எதிர்நீச்சல்’ தொடருக்கு டப்பிங் பேசப் போன இடத்தில் மாரடைப்பு வந்து காலமானார். என் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவன், “எமனையே ‘ஏய், இந்தாம்மா’ன்னு அதட்டியிருப்பார்” என்று போட்டான். சிரித்துவிட்டேன், கண்ணும் கலங்கியது. அந்தக் குரல் காதில் கேட்டது.

இன்னொருவன், தொடரில் அவர் நெஞ்சுவலி பற்றிப் பேசும் காட்சியைச் சிரிப்புப் பொம்மைகளோடு போட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தேனிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, உதவி இயக்குநராக நெடுநாள் உழைத்து, ‘கண்ணும் கண்ணும்’, ‘புலிவால்’ படங்களை இயக்கி, ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் வீட்டுக்கு வீடு தெரிந்த முகமானார். அனுபவிக்கும் முன்னே போய்விட்டார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

முதல் கேலி அவர் வாழ்ந்ததைப் பற்றியது. இரண்டாவது, அவர் செத்ததைப் பற்றியது.

பகிரும் முன் ஒன்றை மட்டும் யோசியுங்கள்: இதை அவர் வீட்டுப் பந்தலில், பெற்ற பிள்ளைகள் காதுபடச் சொல்ல முடியுமா? முடிந்தால் தாராளமாகச் சிரிப்போம்.