ஆர்சி3.டி இருந்த காலம்

சர்வர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முன்பெல்லாம் ஒரு டைரக்டரியைத் திறந்து காட்டினால் போதும். ஆர்சி3.டி. அதைப் பட்டியலிட்டால் சர்வீஸ்களை எழுப்பும் ஸ்கிரிப்டுகள் எண் வரிசையில் நிற்கும்: எஸ்10 நெட்வொர்க், எஸ்12 சிஸ்லாக், எஸ்55 எஸ்எஸ்எச்டி, எஸ்64 மைஎஸ்க்யூஎல்டி, எஸ்85 எச்டிடிபிடி, கடைசியில் எஸ்99 லோக்கல். டேட்டாபேஸ் எழுந்த பிறகுதான் வெப் சர்வர் எழும் என்பதை நான் வாய் திறந்து சொல்லவே வேண்டியதில்லை.

ஸ்கிரிப்டைத் திறந்தால் மேலேயே ஒரு கமெண்ட் வரி. எச்டிடிபிடிக்கு 85 15, மைஎஸ்க்யூஎல்டிக்கு 64 36. முதல் எண் எழும் முறை, அடுத்தது நிற்கும் முறை. இரண்டையும் கூட்டினால் நூறு. பின்னால் எழுந்தது முன்னால் நிற்க வேண்டும் என்பதற்காக யாரோ யோசித்துப் போட்ட கணக்கு. எல்லா ஸ்கிரிப்டும் இதற்குக் கட்டுப்பட்டதில்லை. கட்டுப்பட்டதைப் பார்க்கும்போது எழுதியவர் மேல் மரியாதை வரும்.

இந்த முறைக்கு மாற்றாக லெனார்ட் போட்டரிங் 2010இல் சிஸ்டம்டியை அறிவித்தார். மறு ஆண்டே ஃபெடோரா 15இல் வந்தது. 2014இல் ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7, 2015இல் டெபியன் 8. மனம் ஒப்பாத டெபியன்காரர்கள் சிலர் பிரிந்துபோய் டெவுவான் என்று தனி டிஸ்ட்ரோவே தொடங்கினார்கள். நான் பிரியவில்லை, மாறிக்கொண்டேன். மாறியதில் நன்மையும் கண்டேன். பழைய முறையில் ஒரு சர்வீஸ் செத்த பிறகும் அதன் பிஐடி ஃபைல் மட்டும் கிடந்து, உயிரோடு இருப்பதாகப் பொய் சொல்லும். சிஸ்டம்டி சிகுரூப் வழியாக ஒவ்வொரு குட்டி ப்ராசஸையும் கணக்கில் வைத்திருக்கிறது. விழுந்த சர்வீஸை மறுபடி எழுப்ப யூனிட் ஃபைலில் ஒரு வரி போதும். நடுராத்திரி ஃபோன்கள் குறைந்தது அதனால்தான்.

ஆனாலும் விரல்கள் பழையதையே தேடுகின்றன. 'சர்வீஸ் எச்டிடிபிடி ஸ்டார்ட்' என்று அடித்த பிறகு மேல் அம்புக்குறியை அழுத்தி, கடைசிச் சொல்லை மட்டும் அழித்து 'ஸ்டேட்டஸ்' என்று போடுவோம். இப்போது சிஸ்டம்டியின் சிஸ்டம்சிடிஎல் கட்டளையில் அந்தச் சொல் நடுவில் போய் உட்கார்ந்துவிட்டது. முன்பு ஸ்டார்ட் ஆனதும் வலப்பக்கம் பச்சையாக ஓகே விழும். சிஸ்டம்சிடிஎல் எதுவும் சொல்லாமல் ப்ராம்ப்ட்டைத் திருப்பித் தருகிறது.

இதெல்லாம்கூடப் பழகிவிடும். பழகாதது, முன்பு அந்த ஸ்கிரிப்டுகளில் கேட்ட மனிதக் குரல். 'இந்த ஸ்லீப் 5ஐ எடுக்காதீர்கள், ஸ்டோரேஜ் மெதுவாக எழும்' என்று வேலையை விட்டுப் போனவர் எழுதிவைத்த வரி, அவர் முகமே தெரியாத என்னைக் காப்பாற்றியிருக்கிறது. யூனிட் ஃபைலிலும் கமெண்ட் எழுதலாம். ஆனால் பத்து வரியில் முடிகிற ஃபைலில் யாருக்கும் எழுதத் தோன்றுவதில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் எழுகிற இடத்தில், எது முதலில் என்று கேட்கிற பையனுக்கு ஆஃப்டர், ரிக்வயர்ஸ் என்று ஃபைல் ஃபைலாகத் தாவித்தான் பதில் சொல்கிறேன்.

ஸ்லாக்வேர் இன்னும் பழைய வழியில்தான் போகிறது. 2022இல் வந்த 15.0இலும் சிஸ்டம்டி கிடையாது. ஆர்சி.எம் என்கிற ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றுக்குப் பின் ஒன்றாக சர்வீஸ்களை எழுப்பிக்கொண்டு போகும். வீட்டிலுள்ள பழைய லேப்டாப்பில் அதைப் போட்டு வைத்திருக்கிறேன். அதில் செய்ய வேண்டிய வேலை எதுவும் எனக்கு இல்லை. அந்த ஸ்கிரிப்டை மேலிருந்து கீழே படிக்கப் பிடிக்கும், அவ்வளவுதான்.