மண்ணைப் பார்த்தீங்களா?

நாக்பூர் பக்கம் மனை வாங்க நினைக்கும் நம்மூர்க்காரர்கள் இதைப் படிச்சுடுங்க. நான் செய்த தப்பு உங்களுக்கு வேண்டாம்.

எனக்கு ஊர் புதுக்கோட்டைப் பக்கம். செம்மண். மூணடி தோண்டி கருங்கல் அஸ்திவாரம் போட்டால் பேரன் காலம் வரை நிற்கும். இங்கே கரிசல். மழைக்கு ஊதும், கோடையில் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். இன்ஜினியர் 'அண்டர் ரீம்ட் பைல்' போடச் சொன்னார். சுமார் 12 அடி ஆழம் இறங்கி, அடியில் குடம் போல அகலும் கான்கிரீட் தூண். மழையும் வெயிலும் எட்டாத மண்ணைப் பிடித்துக்கொள்ளும். நான்தான் பேங்க் புத்தியில் செலவைக் குறைத்தேன்.

மூணாவது கோடையில் ஹால் சுவரில் குறுக்காக ஒரு விரிசல். கதவு சாத்த முடியவில்லை. ஜூலை மழையில், செப்டிக் டேங்க் தண்ணீரை உறிஞ்சுகுழி உறிஞ்சவே இல்லை, களிமண் ஆச்சே! டாய்லெட் பொங்கியது, அதுவும் மாமனார் வந்திருந்த வாரம்.. ஊரிலிருந்து கொண்டுவந்த கறிவேப்பிலைக் கன்றும் வேர் அழுகிப் போச்சு.

வீட்டுக்கடன் கேட்டு வருபவர்களிடம் பத்திரம், வில்லங்கம் எல்லாம் துருவுகிறவன் நான். என் மனை மண்ணை ஒரு பிடி அள்ளிப் பார்க்கவில்லை.

இப்போது சுவரை ஒட்டியிருந்த தங்கமணியின் தோட்டத்தைத் தள்ளி வைத்து, ஈரம் இறங்காமல் வீட்டைச் சுற்றிச் சாய்வாகச் சிமென்ட் தளம் போட்டாச்சு. விரிசல் அதற்கு மேல் வளரவில்லை. மணலும் தொழு உரமும் கலந்த மேட்டுப்பாத்தியில் புதுக் கறிவேப்பிலை துளிர்த்திருக்கிறது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் மண் பரிசோதனை செய்துடுங்க. சுவருக்கு நான் அழுததில் அது கால்வாசிகூட ஆகாது.